இருசப்பன் துரத்திய சித்தர்

இருசப்பன் ஓடத் தொடங்கியதும் தேரடித் தெருவே அவர் பின்னால் ஓடியது.

"எங்க பத்திக்கிச்சு?" என்று கத்திக்கொண்டே பூக்கடைக்காரர் குடத்தோடு வந்தார். அவருக்குப் பின்னால் நாலு பேர் வாளியோடு.

"எங்கயும் இல்லீங்க. சும்மா ஓடறேன்."

"காக்கி போட்ட ஃபயர்மேன் சும்மா ஓடுவாரா? மறைக்காதீங்க, யார் கடை?"

சும்மா ஓடவில்லைதான். போன மாதம் கீழ்பென்னாத்தூரில் வைக்கோல் போர் எரிந்தபோது, குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு தொப்பை குலுங்க ஓடிய இருசப்பன் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். முதல் தண்ணீரை அவர் முகத்தில்தான் தெளிக்க வேண்டியிருந்தது. சேதி வேலூர் வரை போய், பெரிய அதிகாரி சோதனைக்கு வருகிறார். ஓர் ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏணி ஏற வேண்டும். தவறினால் தூத்துக்குடிக்கு மாற்றல்.

"நீங்க போங்க. எனக்கு இங்க ஸ்கூல் வேலை இருக்கு, நான் வரமாட்டேன்" என்று மனைவி கஸ்தூரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சோறு வடிக்கக்கூடத் தெரியாத மனிதர் கலங்கிப் போனார்.

காக்கி டிராயர்தானே வம்பு என்று மறுநாள் வேட்டியில் ஓடினார். வேட்டி தெருமுனை வரைதான் கூட வந்தது.

பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, பழைய காக்கியிலேயே, மலையடிவாரத்துச் சர்க்கார் காட்டுப் பாதைக்கு விடிந்ததும் போனார். அங்கேதான் அந்த அம்மாளைப் பார்த்தார்.

அறுபது வயதிருக்கும். வெறுங்கால். தலையில் ஒரு கட்டு விறகு. இருசப்பனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், ஓட்டம் பிடித்தாள்! கல், முள், மேடு எதுவும் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. தலைச்சுமை அசையக்கூட இல்லை. இருசப்பன் வாயைப் பிளந்து நின்றார்.

"கஸ்தூரி, அது மனுஷியே இல்ல. சித்தரு! இந்த மலையில எந்த ரூபத்துல வேணா வருவாங்கல்ல?"

"சித்தருக்கு எதுக்குங்க விறகு?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது."

மறுநாள் தேங்காய் பழத்தோடு போனார். "தாயே, நில்லுங்க!" என்று கத்தினார். கத்தக் கத்த அவள் வேகம் ஜாஸ்தியானது. ஒருநாள் கைக்கெட்டும் தூரத்துக்கே வந்துவிட்டார். அவளோ விறகுக்கட்டை அவர் காலடியில் போட்டுவிட்டுப் புதருக்குள் மறைந்தே போனாள். இருசப்பனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிரசாதம்! அதை வீட்டுக்குச் சுமந்து வந்து, சாமி படத்தடியில் வைத்து மஞ்சள் குங்குமம் இட்டார்.

"நல்லா காஞ்ச விறகுங்க. அடுப்புக்காவது குடுங்களேன்."

"மொதல்ல கண்ணுல ஒத்திக்கோ!"

தினமும் துரத்தினார். தொப்பை எப்போது கரைந்தது என்று அவருக்கே தெரியாது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டபோதுதான் தெரிந்தது.

சோதனை நாளன்று, நிலையத்திலேயே பெரிய உடம்புக்காரரான சக்கரபாணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணி உச்சிக்கு ஏறி இறங்கினார். மூச்சு வாங்கியது சக்கரபாணிக்குத்தான். கீழே நின்ற அதிகாரிக்குக் கண்ணை நம்ப முடியவில்லை.

"என்னய்யா உடம்பு இது! யார்கிட்ட பழகினே?"

"எல்லாம் ஒரு மகானோட கிருபைங்க ஐயா."

மாற்றல் இல்லை. மறுநாள் விடிந்ததும் பூமாலையோடு, கஸ்தூரியையும் அழைத்துக்கொண்டு காட்டுப் பாதைக்குப் போனார். இந்த முறை ஒரே ஓட்டத்தில் முந்திச் சென்று, வழியை மறித்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அந்த அம்மாளின் காலைப் பிடித்துக்கொண்டார். பின்னாலேயே வந்து சேர்ந்த கஸ்தூரியும் கைகூப்பினாள்.

"தாயே, இனிமே விடமாட்டேன். நீங்க யாருன்னு சொல்லியே ஆவணும்!"

அவள் தப்ப வழி தேடி இருபுறமும் பார்த்தாள். விறகுக்கட்டை மெல்ல இறக்கி அவர் முன்னால் வைத்தாள்.

"எல்லம்மாங்க... கட்ட எடுத்துக்கினு என்னை வுட்டுடுங்க சாமி. இந்தக் காட்டுல எத்தினியோ ஃபாரஸ்ட்காரங்க என்னைத் தொரத்தியிருக்காங்க, உங்கள மாதிரி ஓடறவங்கள நான் பாத்ததே இல்ல!"