மீஞ்சூரில் இருந்து ஒருவர்

என் கையெழுத்து, கூடையில் கொட்டிய இறால் மாதிரி நாலு பக்கமும் துள்ளும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு வாத்தியார் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டார். (அப்படித்தான் அவர் ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.) பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எனக்கு ஊர் சுண்ணாம்புக்குளம். மனைவி போன பிறகு வீட்டில் நானும் வலையும் ஒரு ரேடியோவும்தான். கரையில் யாரிடமும் பேச வராது, வெட்கம். ஏரியில் இறங்கினால் மட்டும் குரல் வரும். பக்கத்துப் படகுக்காரர் ஒருநாள் வரவில்லை என்றால், மறுநாள் "இன்னாப்பா, நேத்து ஆளக் காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று தண்ணீருக்கு மேலேயே கத்திக் கேட்போம். எங்கள் பக்கம் அது மரியாதை. கேட்காவிட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள். அந்த மரியாதைதான் என் மானத்தை வாங்கியது.

அண்ணன் மகள் செல்வி ஆரம்பாக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறாள். என் நண்டை விற்க ஒரு வெப்சைட் செய்து கொடுத்தாள். முதல் பக்கத்தில் ஒரு போட்டோ. ஓரத்தில் நான், கையில் நண்டு, பின்னால் ஏரி. யார் யார் வந்து பார்க்கிறார்கள், எந்த ஊர், எத்தனை மணி, என்ன போன் என்பதும் எனக்குத் தெரியும்படி வைத்திருந்தாள்.

"எந்தக் கெழமை ஜாஸ்தி பாக்குறாங்கன்னு மட்டும் பாரு சித்தப்பா. அதுக்கேத்த மாதிரி நண்டு வெச்சிக்க. யாரு இன்னான்னு நோண்டாத."

நோண்டினேன்.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மீஞ்சூரில் இருந்து ஒருவர் வந்தார். நண்டு கேட்கவில்லை. அந்தப் போட்டோ பக்கத்திலேயே வெகுநேரம் இருந்துவிட்டுப் போனார். என்னைத் தேடித் தினமும் வந்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். நாலு மணி ஆனால் டீ போட்டு, போனை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். (ஒருநாள் இரண்டு தம்ளரில் ஊற்றிவிட்டேன். செல்விக்குத் தெரியாது. இதை டைப் அடிக்கும்போது தெரிந்துகொள்வாள்.)

வருகிறவர் என்னைத்தான் பார்க்கிறார் என்று நானே முடிவு செய்தேன். மீசைக்கு மை அடித்தேன். புதுச் சட்டை போட்டுக் கையை நீட்டி நானே ஒரு போட்டோ எடுத்து, பழையதற்குப் பதிலாக மாட்டினேன்.

மறுநாள் வந்தவர் உடனே போய்விட்டார். அதற்கடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. டீ ஆறிப்போனது. மனசு கேட்காமல் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதினேன்: "மீஞ்சூரில் இருந்து தினமும் நாலு மணிக்குப் பழைய போனில் வருகிறவரே, ரெண்டு நாளாகக் காணோமே, உடம்பு சரியில்லையா?"

அன்று சாயங்காலமே போன் வந்தது. ஒரு பெண் குரல், மெதுவாக.

"நண்டுக்காரண்ணனா? மீஞ்சூர்னு எழுதிக்கீறீங்களே, அத எடுத்துடுங்கண்ணா. எங்க நாத்தனாரு உங்ககிட்டதான் நண்டு வாங்குது. நாலு மணிக்கு இந்த வூட்ல பழைய போனும் கையுமா குந்தினு இருக்கறது நான் ஒருத்திதான். நண்டுக்காரன் உன்ன எதுக்குத் தேடுறான்னு கேட்டா நான் இன்னான்னு சொல்வேன்?"

எழுந்து நின்றுகொண்டு சொன்னேன்: "நீங்க... தெனமும் வந்தீங்களேன்னு..."

"நான் ஏரிக்கரையில பொறந்தவ. இங்க கட்டிக் குடுத்துட்டாங்க. உங்க போட்டோல பின்னால ஏரி தெரியும், அதத்தான் பாப்பேன். இப்ப உங்க மூஞ்சி அத மறைச்சிக்கினு கீது. அதான் வரல. திரும்பவும் ஏரி தெரியுதான்னு இன்னிக்குப் பாத்தா, இப்டி எழுதி வெச்சிக்கீறீங்க." வைத்துவிட்டாள்.

அழிக்க வேண்டும். எழுதத்தான் செல்வி சொல்லிக்கொடுத்திருந்தாள், அழிக்க அல்ல. அதனால் கீழே எழுதினேன்: "மேலே உள்ளதை யாரும் படிக்க வேண்டாம்." பயம் போகவில்லை. அதற்கும் கீழே: "மீஞ்சூரில் எனக்கு யாரையும் தெரியாது." கைலியோடு ஆரம்பாக்கத்துக்கு பஸ் ஏறினேன்.

செல்வி படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "போஸ்டர் அடிச்சி ஒட்டிக்கீறியே சித்தப்பா! பாவம், அந்தப் பொண்ணு!" எல்லாவற்றையும் அழித்தாள். ஊர், நேரம், போன் என்று காட்டுவதையும் எடுத்துவிட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்பது மட்டும் மிச்சம். "நண்டு விக்க இது போதும்."

போதும்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை மீஞ்சூரில் இருந்து கூப்பிட்ட அம்மாக்கள் நண்டைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பழைய போட்டோவைத் திரும்பப் போடச் சொன்னேன். நாலு மணிக்கு இன்றும் டீ போடுகிறேன். எண்ணிக்கையில் ஒன்று கூடும். யார் என்று தெரியாது.

அண்ணன் வீட்டில் மட்டும் யாரும் என்னை விடுவதாக இல்லை. செல்வியின் கல்யாணம் மீஞ்சூர் மண்டபத்தில் நடந்தது. மேடையில் போட்டோ எடுக்கும்போது மணப்பெண்ணே கத்தினாள்: "சித்தப்பா, கொஞ்சம் தள்ளு, ஏரி தெரியட்டும்!"

பின்னால் இருந்தது வெறும் சுவர். ஆனாலும் தள்ளி நின்றேன்.

சுண்ணாம்புக்குளம்,
புரட்டாசி முதல் ஞாயிறு.