இரண்டு சுரங்களுக்கு நடுவில் கிளெமென்ற்

மூன்றாம் மேசையும் எழும்பிவிட்டது.

கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்த கிளெமென்றுக்குக் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தான். இவ்வளவு நேரமும் ஊர்க்கதை அளந்துகொண்டிருந்த குடும்பமொன்று, சாப்பாட்டுக்குப் பின் இனிப்புக்கு வந்த வட்டிலப்பத்தைப் பாதியில் விட்டுவிட்டு வாசலை நோக்கி விரைந்துகொண்டிருந்தது. கடைசியாகப் போன பெரியவர் திரும்பிக் கிற்றாரை ஒருதடவை பார்த்தார். பல் பிடுங்க வந்தவர் குறட்டைப் பார்ப்பது போலிருந்தது.

ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் இன்னும் எத்தனையோ சுரங்கள் ஒளிந்திருக்கின்றன என்பது கிளெமென்றின் நம்பிக்கை. அவற்றைப் பிடிப்பதற்காகத் தன் கிற்றாரின் கழுத்தில், வழக்கமான குறுக்குக் கம்பிகளுக்கு இடையிடையே மேலும் கம்பிகளை அடித்து வைத்திருந்தான். பார்த்தால் தெமட்டகொடை ரயில் தண்டவாளங்கள் போலிருக்கும். கேட்டால் எப்படியிருக்கும் என்பதில் ஆளுக்கொரு கருத்து. கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் வாசித்தபோது, "மகன், கொஞ்ச நாள் ஓய்வெடுங்கோ" என்று சுவாமி அன்பாகச் சொன்னார். ஒரு கலியாண வீட்டில், அரைமணி நேரம் வாசித்து முடித்த பிறகு, "தம்பி, சுருதி சேர்த்தாச்செண்டா இனித் தொடங்கலாமே?" என்று பொம்பிளையின் தகப்பன் கேட்டார்.

ஆனாலும் கிளெமென்ற் துறைமுகக் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்கியிருந்தான். போன மாதம் ஹெவ்லொக் டவுனில் மண்டபம் எடுத்துக் கச்சேரி வைத்தான். முதல் உருப்படி முடியுமுன் மண்டபம் காலி. ஒரேயொருவர் மட்டும் கடைசிவரை இருந்தார். வாசலையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்த அவருடைய முகம் பிரகாசித்தது. முடிந்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஒங்களத்தான் நான் இவ்வளவு நாளும் தேடின. நான் மஹ்ரூப். வெள்ளவத்தையில எனக்குச் சாப்பாட்டுக்கட ஒன்டு ஈக்கிது. அங்க வந்து வாசிக்கிறீங்களா?"

தன்னை ஒருவர் தேடியதைக் கேட்டு கிளெமென்றுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அப்படிப்பட்ட மனிதரின் கடையில்தான் இப்போது சனம் எழும்பி ஓடிக்கொண்டிருந்தது.

"மஹ்ரூப் நானாவின்ர வியாபாரம் என்னால படுத்திடும் போல, கொறற்றி" என்றான் அன்று வீட்டில்.

அவன் மனைவி மரியகொறற்றி நடைமுறை தெரிந்தவள். "அப்ப கொஞ்சம் மெதுவா வாசியுங்கோவன். சனம் தப்பிச்சிடும்."

மறுநாள் மெதுவாக வாசித்தான். யாரும் எழும்பவில்லை. மஹ்ரூப் சமையலறைக் கதவால் தலையை நீட்டினார். "என்ன தம்பி, சொகமில்லையா? சத்தமே வருதில்ல!"

"நானாவுக்கு இது காணாதாம்" என்று கிளெமென்ற் வீட்டில் வந்து சொன்னான்.

"அப்ப சனத்துக்கு விளங்கப்படுத்துங்கோ. விளங்கினா இருப்பினம்."

அடுத்த நாள் மேசை மேசையாகப் போய், நடுச்சுரம் என்றால் என்னவென்று விளக்கினான். சனத்துக்கு அது பிடித்துப்போயிற்று. கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். சிவபாதசுந்தரம் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒரேயொரு கோப்பை பிளேன்ரீயுடன் உட்கார்ந்து, மாலை முழுக்கப் பின்னக்கணக்கில் வாதாடினார். மஹ்ரூப் அவரையும் அந்தப் பிளேன்ரீயையும் பார்த்தபடி அங்குமிங்கும் நடந்தார்.

"தம்பி, பேச்சக் கொறச்சு வாசிப்பக் கூட்டுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

கிளெமென்ற் பயந்துபோனான். "கொறற்றி, வேலை போகப்போகுது. மனிசன்ர முகமே சரியில்ல."

"சரி, நான் வாறன்" என்றாள் அவள். "பக்கத்து வீட்டு றமேஷ் அண்ணையிட்ட சாதாரணக் கிற்றார் ஒண்டு இரவல் வாங்குங்கோ. பைலா பாடுவம், சனம் ஆடும்."

சாதாரணக் கிற்றாரைத் தொடுவதே கிளெமென்றுக்குப் பாவம். ஆனாலும் நானாவுக்காக அந்தப் பாவத்தையும் செய்யத் துணிந்தான்.

வெள்ளிக்கிழமை மாலை கொறற்றி வாயைத் திறந்ததுதான் தாமதம், கடை எழும்பி ஆடியது. கோப்பைகளில் கரண்டிகள் தாளம் போட்டன. சாப்பிட்டு முடித்தவர்கள் கதிரைகளைத் தள்ளிவிட்டு இடுப்பை அசைத்தார்கள். வெளியே காத்திருந்த வரிசை காலி வீதிவரை நீண்டது. வரிசையை ஒழுங்குபடுத்த வந்த பொலிஸ்காரர் உள்ளே வந்து உட்கார்ந்து, "அய்யே, தவ எக்கக்!" என்று சிங்களத்தில் இன்னொரு பாட்டுக் கேட்டார்.

மஹ்ரூப் கிளெமென்றைக் கையில் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"என்ன வேல பாத்தீக்கிறீங்க? இதுக்கா நான் ஒங்களக் கூட்டி வந்த?"

"சனத்துக்குப் பிடிச்சிருக்கு, நானா..."

"சனத்துக்குப் பிடிக்கோணும்னு நான் செல்லினேனா? எனக்கு ஒங்கட பழைய கிற்றார்தான் வேணும். அந்த நடுவுல நடுவுல வார சத்தம்! நாளைக்கு அதக் கொண்டாங்க. பொஞ்சாதிக்கு வட்டிலப்பம் கட்டித் தாரேன். அவங்க ஊட்டுல ஈக்கட்டும்."

கிளெமென்ற் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். கடை நிறைந்த சனத்தைவிட அவனுடைய நடுச்சுரங்களைப் பெரிதாக நினைக்கும் மனிதர்! கொட்டாஞ்சேனை போய்ச் சேரும்வரை பஸ்ஸில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான். கொறற்றி வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

மறுநாள் அவன் வாசித்ததுபோல் வாழ்நாளில் வாசித்ததில்லை. பதுங்கிக் கிடந்த சுரங்களெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முதலாம் மேசை எழும்பியது, அவன் கலங்கவில்லை. நாலாம் மேசை எழும்பியது. இன்னும் உருகி வாசித்தான். மஹ்ரூப் வாசலில் நின்று, கச்சேரி மண்டபத்தில் பார்த்த அதே பிரகாசத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் கிளெமென்ற் நெஞ்சு நிறைந்து, காசாளர் மேசையில் இருந்த மஹ்ரூப்பின் மனைவி ஸமீமாவிடம் போனான்.

"ஸமீமா அக்கா, உலகத்தில ஒரு மனிசனுக்காவது என்ர சங்கீதம் விளங்குது. நானாவுக்கு என்ன காது!"

ஸமீமா பில்லைக் கிழித்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"காதா? வெளியில எவ்வளவு சனம் மேச இல்லாம நிக்கிது, பாருங்க. தின்டு முடிஞ்சும் எழும்பாமக் கத அளக்குறவங்கள எழுப்பத்தானே தம்பி, ஒங்கள வெச்சீக்கிற!"