மேஜர் காத்த முதலுதவிப் பை

முதலுதவிப் பை என்பது காயம் பட்டவர்களுக்காக வைக்கப்படுவது. ஹல்மில்லவத்தைத் தோட்டத்தின் தொல்லைகள் எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தை நம்பியதில் ஆரம்பமாயின.

யட்டியாந்தோட்டையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், இறங்கிக் கொஞ்சம் மூச்சு வாங்கி ஏறினால் எங்கள் ரப்பர் தோட்டம். நான் அங்கே ஆபீஸ் கிளாக்கர், பெயர் ஸ்ரீதரன். இந்த விவகாரத்தில் போன வந்த கடிதங்கள் அத்தனையையும் டைப் செய்தவன் என்ற முறையில், நடந்ததைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

எங்கள் ரப்பரை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கடிதம் எழுதியிருந்தது. தரச் சான்றிதழ் வேண்டுமானால் வேலை செய்யும் இடத்தில், திறந்த வெளியில், ஒரு முதலுதவிப் பை இருக்க வேண்டும். இரண்டு நிபந்தனைகள். பையைப் பூட்டக் கூடாது. பைக்குள் இருபத்து மூன்று பொருட்களும் எந்த நேரமும் குறைவின்றி இருக்க வேண்டும்.

பையை அடுக்கும் பொறுப்பு நலன்புரி உத்தியோகத்தர் யோகராஜுக்கு வந்தது. அவர் இரண்டு நாள் அடுக்கினார். கத்தரிக்கோல் மேல் அறையிலா, பக்க அறையிலா என்பதற்கே அரை நாள் போனது. பனியில் விறைத்தவர்களைப் போர்த்த வெள்ளி நிறப் போர்வை இருந்தது. காட்டில் வழி தப்பியவர்கள் ஊத விசில் இருந்தது. குளிரில் உதடு வெடிக்காமல் பூச ஒரு குச்சி மருந்து இருந்தது.

"ஐயா, நம்ம மலையில அட்டைக்கடிதானே ஜாஸ்தி? அதுக்கு ஒண்ணையும் காணோமே?" என்று கேட்டேன்.

"பட்டியல்ல அட்டை இல்ல, ஸ்ரீதரன். பட்டியல்ல இல்லாதது கடிக்காது."

ரப்பர் பால் அளக்கும் கொட்டகைக்கு வெளியே ஒரு கம்பம் நட்டு, தகரக் கூரை போட்டு, ஆரஞ்சு நிறப் பையைத் தொங்கவிட்டோம். மூன்றாம் நாள் தோட்டத்து மேனேஜர் துரை வந்து திறந்து பார்த்தார். பிளாஸ்டர் இல்லை. பஞ்சு பாதி. மருந்துப் போத்தல் காலி.

"யாரு எடுத்தது?"

கங்காணி அழகமுத்து தலையைச் சொறிந்தார். "காயம் பட்டவங்க எடுத்தாங்க, தொரை."

"எடுத்து என்ன பண்ணினது?"

"காயத்துல போட்டுக்கிட்டாங்க."

துரை நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இப்படிக் காயம் பட்டவன் எல்லாம் எடுத்தா பை எப்படி நிறைஞ்சிருக்கும்?"

காவலாளி போடலாம் என்று யோகராஜ் சொன்னார். காவலாளிக்கும் இரண்டு கை உண்டு, அவனுக்கும் காயம் படலாம் என்று துரை மறுத்தார். காவலும் காக்க வேண்டும், பிளாஸ்டரும் பாவிக்கக் கூடாது. அப்படிப்பட்ட ஊழியர் யார் என்று ஆபீஸ் முழுக்க யோசித்தது. வெளியே எங்கேயோ ஒரு நாய் குரைத்தது.

பையை மறுபடி நிரப்பினோம். மேஜர் அடுத்த வாரம் வந்தது. ஜேர்மன் ஷெப்பர்ட் இனம் என்று கையெழுத்தும் முத்திரையும் உள்ள சான்றிதழ் அதற்கு இருந்தது. வால் மட்டும் வரக்காப்பொல சந்தையில் சுருண்டு கிடக்கும் எந்த நாய்க்கும் பொருந்தும். சான்றிதழில் வாலைப் பற்றிக் குறிப்பு இல்லாததால் நாங்களும் பேசவில்லை. "பாதுகாப்பு உத்தியோகத்தர், மூன்றாந்தரம்" என்று நியமனக் கடிதம் டைப் செய்தேன். மேஜரைப் பைக் கம்பத்தில் சங்கிலியால் கட்டினோம்.

மேஜரோடு கொழும்பிலிருந்து நாய் நடத்தை ஆலோசகர் ஒருவரும் வந்தார். இப்போது கொழும்பில் வசதியான வீடுகளில் நாய் வளர்ப்பதில்லையாம், நாயின் மனதை வளர்க்கிறார்களாம். அவருடைய காற்சட்டையில் பதினான்கு பைகள். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. பையை நோக்கி நீளும் கை எதுவானாலும் அது எதிரியின் கை என்று ஒரு வாரத்தில் மேஜருக்குக் கற்றுக் கொடுத்தார். பிறகு எங்களுக்குக் கற்றுக் கொடுக்க, கொட்டகைக்கு முன்னால் காலையில் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் எல்லாரையும் நிறுத்தினார். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

"நாயைக் கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது. நேராக வரக் கூடாது, பக்கவாட்டில் வர வேண்டும். ஓடக் கூடாது, பதறக் கூடாது. கொட்டாவி விட வேண்டும். கொட்டாவி விட்டால், இவன் சமாதானமானவன் என்று நாய் புரிந்துகொள்ளும். மிக முக்கியம், ரத்த வாடை இல்லாமல் வர வேண்டும்."

பால் வெட்டும் மருதாயி கையைத் தூக்கினாள். ஏழாம் மலையில் இருபது வருடமாக வெட்டுகிறவள். மனதில் பட்டதைக் கேட்டுவிடுவாள்.

"ஐயா, ரத்த வாடை இல்லன்னா நாங்க எதுக்குங்க பைக்கிட்ட வரணும்?"

நான் மொழிபெயர்த்தேன். ஆலோசகர் யோசித்தார். "நல்ல கேள்வி" என்றார். அத்தோடு கொட்டாவிப் பயிற்சி தொடங்கியது.

காலை ஆறு மணிக்கு எண்பத்து நான்கு பேர் பக்கவாட்டில் நண்டு போல நகர்ந்துகொண்டே கொட்டாவி விட்டார்கள். நாலு மணிக்கே எழுந்து ரொட்டி சுட்டு வந்த பெண்களுக்கு அது தானாகவே வந்தது. இயற்கையான திறமை என்று ஆலோசகர் பாராட்டினார்.

செய்து காட்டுகிறேன் என்று யோகராஜ் முன்னால் போனார். பக்கவாட்டில் போனார், கண்ணைப் பார்க்கவில்லை, நல்ல நீளமான கொட்டாவி ஒன்றும் விட்டார். கொட்டாவி விடும்போது கண் தானாக மூடிக்கொள்ளும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. திறந்தபோது மேஜர் அவருடைய கெண்டைக்காலைக் கவ்விக்கொண்டிருந்தது.

"உடனே சவக்காரம் போட்டு ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவணும்!" என்று அலறினார். பையோடு வந்த முதலுதவிக் கையேட்டை மனப்பாடம் செய்த ஒரே ஆள் அவர்தான்.

"சவக்காரம் எங்க ஐயா?" என்று அழகமுத்து கேட்டார்.

"பைக்குள்ள! பதினேழாவது பொருள்!"

எல்லாரும் பையைப் பார்த்தோம். பைக்கு முன்னால் மேஜர் நின்றது. கடைசியில் மருதாயிதான் அவரைத் தூக்கிக்கொண்டு லயத்துத் தண்ணீர்ப் பீலிக்குப் போய், வீட்டில் துணி துவைக்கும் கட்டியைத் தேய்த்துக் கழுவி, ஊசி போட ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்து அனுப்பினாள். அன்று மாலை துரை சொல்ல நான் டைப் செய்தேன்: "பாதுகாப்பு ஏற்பாடு திருப்திகரமாக இயங்குகிறது."

இரண்டு வாரம் கழித்து மருதாயியின் கத்தி வழுக்கி உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ரத்தம் சொட்டச் சொட்ட ஓடிவந்தாள். மேஜர் உறுமியது. பத்தடி தூரத்தில் நின்றாள்.

"மொதல்ல பக்கவாட்டுல திரும்பு" என்று அழகமுத்து விதிகளை நினைவுபடுத்தினார். "இப்ப கொட்டாவி விடு."

"வரலைங்க கங்காணி."

"முயற்சி பண்ணு."

"வலி உசிர் போவுது, இதுல கொட்டாவி எங்கிருந்து வரும்?" என்று கத்திவிட்டு, தலைத்துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு போனாள். கை வீங்கிச் சீழ் பிடித்தது. ஒன்பது நாள் வேலைக்கு வரவில்லை. பையில் ஒரு பொருளும் குறையவில்லை.

பத்தாம் நாள் வந்தவள் மேஜரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆலோசகர் எழுதிக் கொடுத்திருந்த வெளிநாட்டு பிஸ்கட் அதன் தட்டில் ஈரத்தில் ஊறிக் கிடந்தது. நாயின் விலா எலும்பு தெரிந்தது. அவள் தன் சாப்பாட்டில் பாதியை, சோறும் கருவாடும், வாழை இலையில் வைத்துத் தள்ளிவிட்டாள். நான்காம் நாள் மேஜர் அவள் காலடியில் மல்லாந்து வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. அவள் பையைத் திறந்தாள்.

அன்றிலிருந்து வெட்டுப் பட்டவர்கள், குளவி கொட்டியவர்கள் எல்லாரும் மருதாயியிடம் வந்தார்கள். அவள் கழுவினாள், கட்டினாள், பக்கத்தில் மேஜர் வாலாட்டியது. பை மளமளவென்று காலியானது. துரை விசாரணை வைத்தார். குற்றப் பத்திரிகை நான் டைப் செய்ததுதான்: "கடமையிலிருந்த பாதுகாப்பு உத்தியோகத்தருக்குக் கருவாடு கொடுத்து, அவரைத் தன்வசப்படுத்தி, முதலுதவிப் பையை முதலுதவிக்குப் பயன்படுத்தியமை."

தொழிற்சங்கத் தலைவர் டவுனிலிருந்து வந்து ஆவேசமாக வாதாடினார். கருவாடு லஞ்சமல்ல, மிச்சம் என்றார். போகிற போக்கில், மேஜருக்கு வாராந்த ஓய்வு நாள் வழங்கப்படாததையும் வன்மையாகக் கண்டித்தார். மருதாயியின் கையைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"ஒனக்கு என்ன சொல்ல இருக்கு?" என்று துரை கேட்டார்.

"பசிச்ச நாய்க்குச் சோறு போட்டேன். காயம்பட்ட ஆளுக்கு மருந்து போட்டேன். இதுல எது குத்தம்னு எழுதிக் குடுங்க தொரை."

"ரெண்டும்தான்" என்றார் துரை.

நான் "இரண்டும்" என்று டைப் செய்தேன். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். நான் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று தாளைப் பார்த்தேன்.

பையை மறுபடி நிரப்பிவிட்டு, அவளை நான்கு மைல் தள்ளி, தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கு மாற்றினார்கள். அன்று மாலையே மேஜர் சங்கிலியை அறுத்துக்கொண்டு அவள் பின்னால் போய்விட்டது. முன்னனுமதியின்றிக் கடமையிடத்தை விட்டு நீங்கியதற்கு விளக்கம் கோரி அதற்கு மூன்று கடிதம் அனுப்பினோம். பதில் இல்லை.

கீழ்ப்பிரிவில் மருதாயி ஒரு பழைய பிஸ்கட் டின்னில் துணி, பஞ்சு, தைலம், சவக்காரம், அட்டைக்கு உப்பு என்று தானே அடுக்கி வைத்துக்கொண்டாள். வருகிறவர்களின் பெயரைக் கொப்பியில் எழுதினாள். மாதக் கடைசியில் பார்த்தால் கீழ்ப்பிரிவில் நாற்பத்தோரு காயம், எங்கள் பிரிவில் ஒன்றுமே இல்லை. மருதாயி இருக்கும் இடத்தில்தான் காயம் உண்டாகிறது என்று ஆபீஸ் முடிவு செய்தது.

மூன்று மாதம் கழித்துச் சான்றிதழ் கொடுக்கும் அம்மையார் வந்தார். கம்பத்தடிக்குப் போய்ப் பையைத் திறந்து எண்ணினார். இருபத்து மூன்று.

"இதை யாராவது பயன்படுத்தியிருக்கிறார்களா?"

"மூணு மாசமா ஒருத்தரும் இல்லை" என்று துரை நெஞ்சை நிமிர்த்தினார்.

அம்மையார் நெகிழ்ந்துபோனார். நூற்றுக்கு நூறு. கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஆபீஸ் சுவரில் ஏறியது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எந்த நாய், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். இப்போது நாயே இல்லை என்றோம். யாரும் நம்பவில்லை.

போன மாதம் ரப்பர் ஷீட் உருட்டும் மெஷின் பழுதாகி, மாவனல்லையிலிருந்து மெக்கானிக் றினாஸ் வந்தார். வந்ததும் வாசலில் நின்று, நாய் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, போய்விட்டது, பயப்படாமல் வாருங்கள் என்று நான்தான் உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன். பதினொரு மணி போல மெஷின் தகடு அவர் விரலை அறுத்துவிட்டது. ரத்தத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தவர் ஆரஞ்சுப் பையைக் கண்டார், நேராகப் போய்க் கையை நீட்டினார்.

"ஏய்! தொடாதே!"

அழகமுத்து பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டார். யோகராஜ் நொண்டிக்கொண்டே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு வழியை மறித்து நின்றார். வாளியோடு வரிசையில் நின்ற எண்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். எல்லாரையும் விடச் சத்தமாகக் கத்தியது நான்தான்.

றினாஸ் இரண்டடி பின்வாங்கினார். விரலிலிருந்து ரத்தம் தரையில் சொட்டியது. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"இங்க நாய் இல்லண்டுதானே சொன்னீங்க?"