மூன்று வீட்டுக் குப்பை

14.06.2011

அன்புள்ள உம்மு குல்சூம் மாமிக்கு,

பக்கத்து வீட்டு நவரத்தினம் கிளாக்கரின் மகள் நிருஷா எழுதுவது. உங்களுக்கு ஸலாம் எழுதுவதா வணக்கம் எழுதுவதா என்று யோசித்து இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். புத்தளத்தில் எல்லோரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நானே நினைத்துக்கொண்டு மிச்சத்தை எழுதுகிறேன்.

இன்று காலை பிரதேச சபைக் கந்தோரிலிருந்து மேற்பார்வையாளர் சுபாஸ்கரன் வந்து, "பக்கத்து வீட்டு அம்மா எப்ப வீட்டில நிப்பா?" என்று கேட்டார். அந்த அம்மா இருபது வருசமாக வீட்டில் இல்லை என்று நான் சொல்லவில்லை. "கொஞ்சம் தூரம் போயிருக்கிறா, சேர்" என்றேன். இதில் எந்தச் சொல் பொய் என்று யாரும் காட்ட முடியாது. ஆனாலும் அவர் போன பிறகு நெடுநேரம் படலையைப் பிடித்தபடி நின்றேன்.

நடந்ததை முதலில் இருந்து சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்து முகாமிலிருந்து நான் திரும்பி வந்து பத்து மாதம். அம்மா அப்பா வரவில்லை என்பதை முஹைதீன் நானா உங்களுக்குச் சொல்லியிருப்பார். புத்தளத்திலிருந்து முசலிப் பக்கம் கருவாடு ஏற்ற வந்துபோகிற அவர்தான் உங்கள் விலாசமும் தந்தவர். எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடு: உங்களுடையது, எங்களுடையது, இந்தியாவுக்குப் படகேறிய கொன்ஸ்ரன்ரைன் மாஸ்டருடையது. இதில் கூரை உள்ளது ஒன்று, ஆள் உள்ளதும் அதே ஒன்று. கிணற்றுத் தண்ணீர் உப்பு. சந்திக் குழாய்க்கு இரண்டு தண்ணீர்க் கானோடு நடந்து கை நீண்டுபோய், சபைக்கு ஒரு குழாய் கேட்டு எழுதினேன். ஒழுங்கையில் குறைந்தது மூன்று குடும்பம் இருந்தால்தான் குழாய் வரும், எண்ணுவதற்கு ஆள் வருவார் என்று பதில் வந்தது. அவர் வருகிற நாளன்று என் உடுப்புகளைத் தோய்த்து மூன்று வீட்டு வளவிலும் கொடி கட்டிக் காயப்போட்டேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான். மிச்சத்தை உங்கள் வீட்டுக்குள் நின்ற கழுதை செய்தது. மன்னார்க் கழுதைகள் வெயிலுக்கு எங்கே ஒதுங்கும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் விறாந்தைச் சுவரில் இன்னும் நிழல் விழுகிறது. சுபாஸ்கரன் படலையடியில் நின்று, "உள்ளுக்க ஆக்கள் இருக்கினமோ?" என்று கேட்டார். உள்ளேயிருந்து பெரிய மனிசன் ஒருவர் செருமுவதுபோலச் சத்தம் வந்தது. அவர் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எத்தினை பேர்?" என்று என்னைக் கேட்டார். "அஞ்சு" என்றேன். எனக்கு ஆறு வயதில், உங்கள் ஆட்களை ஊரைவிட்டுப் போகச் சொல்வதற்கு முன், உங்கள் உம்மாவோடு சேர்த்து அந்த வீட்டில் அஞ்சு பேர். எனக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.

ஒரு கிழமையில் மூன்று குப்பை வாளி வந்து இறங்கியது. குழாய் கேட்டால் முதலில் குப்பை வாளி வரும் என்று எனக்குத் தெரியாது மாமி. செவ்வாயும் வெள்ளியும் கிறகரி அண்ணை சபையின் குப்பை ரக்டரில் மணி அடித்துக்கொண்டு வருவார். முதல் வெள்ளி உங்கள் வாளிக்குள் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, இந்த வீட்டு ஆக்கள் நோன்போ?" என்றார். அன்றிலிருந்து என்னுடைய ஒரு ஆள் குப்பையை மூன்றாகப் பிரிக்கிறேன். மாஸ்டர் வீட்டுக்குத் தேயிலைச் சக்கையும் பழைய பேப்பரும். அவர் அப்படித்தான் இருந்தார் என்று அம்மா சொல்வார். உங்கள் வீட்டுக்கு இறால் கோதும் எலுமிச்சைத் தோலும். நாவல் எழுதுகிறவர்கள்கூட ஆட்களைப் பேசவிட்டுத்தான் உருவாக்குகிறார்கள், எனக்குக் கிடைத்தது குப்பை மட்டும். அடுத்த கிழமை வசதிப்படாமல் ஒரு மீனைத்தான் பங்கிட்டேன். கிறகரி அண்ணை மூன்று வாளியையும் கொட்டிவிட்டு நின்றார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டே? அந்த வீட்டில தலை. இந்த வீட்டில முள்ளு. உம்மட வீட்டில வால். ஒரு மீனை மூண்டு குடும்பம் திண்டா உங்கட ஒழுங்கையில சண்டை வராதோ?"

"இல்லை அண்ணை. எல்லாரும் நல்ல ஒற்றுமை."

"ஓம், கேட்டாலே விளங்குது. ஒரு சத்தம் இல்லை" என்று போய்விட்டார்.

பிறகு தண்ணீர்ச் சங்கம் அமைத்துக் கூட்டக் குறிப்பு எழுதித் தரும்படி சுபாஸ்கரன் சொன்னார். இருந்து எழுதினேன். மூன்று வீட்டாரும் வந்திருந்தனர். மாஸ்டர் தலைமை தாங்கினார். குழாய் தன் வாசலில்தான் வேண்டும் என்று நீங்கள் ஒற்றைக்காலில் நின்றீர்கள். கிளாக்கர் வீட்டார், அதாவது நான், சற்றுக் கோபித்து, பிறகு விட்டுக்கொடுத்தேன். உங்கள் மகள் ஜெஸ்லியா எல்லோருக்கும் தேத்தண்ணி தந்தாள். இந்தக் கடைசி வரி கூட்டக் குறிப்பில் தேவையில்லை என்று தெரியும். வெட்டவில்லை. எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தியபோது கதிரைகளை அடுக்கிவைக்க எழுந்துவிட்டேன் மாமி. ஒரு கதிரைதான் இருந்தது.

இப்போது நீலக் குழாய்கள் ஒழுங்கை வாசலில் வந்து கிடக்கின்றன. குடும்பத் தலைவர்கள் கையெழுத்து வைத்தால் மண் வெட்டுவார்கள். மாஸ்டரின் தம்பி சந்தையில் நிற்கிறார். காரணம்கூடக் கேட்காமல் அண்ணருக்காக வைத்துத் தந்துவிட்டார். உங்களுடையதுதான் மிச்சம். வருகிற திங்களுக்குள் கொடுக்காவிட்டால் குழாய் அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடும். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். 'தற்போது இவ்விலாசத்தில் வசிக்கிறேன்' என்ற இடத்துக்குக் கீழே கையெழுத்து வைத்து முஹைதீன் நானாவிடமே திருப்பி அனுப்புங்கோ. குழாய் உங்கள் வாசலில்தான் வரும். அதில் நான் சொல் மாற மாட்டேன்.

மாமாவுக்கும் ஷிராஸ் அண்ணாவுக்கும் என் அன்பு. ஜெஸ்லியாவுக்கு என்னை ஞாபகம் இருக்காது, இருந்தாலும் கேட்டதாகச் சொல்லுங்கோ. ஆண்டவன் உங்கள் எல்லோரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். வைத்திருப்பது இந்த ஒழுங்கையில் என்றால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து வீட்டு
நிருஷா

பி.கு. (23.06.2011): மேலே கேட்ட கையெழுத்து வேண்டாம். படிவத்தை எடுத்துவிட்டேன். சனிக்கிழமை கடிதம் வாங்க வந்த முஹைதீன் நானா படிவத்தை வாசித்துப் பார்த்து, "புள்ள, இதுல ஒப்பம் வச்சா அவ வந்து குடியேறிட்டாண்டு பதிஞ்சிருவாங்க. பொறகு உண்மையா வந்து வீட்டுத் திட்டம் கேக்கக்குள்ள, நீங்கதான் முந்தியே வந்திட்டீங்களே, உங்களுக்கு என்ன வீடெண்டு பேர வெட்டிருவாங்க" என்றார். நான் இதை யோசிக்கவே இல்லை மாமி. தண்ணீரை மட்டும்தான் யோசித்தேன்.

திங்கட்கிழமை கந்தோருக்குப் போய், சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். சுபாஸ்கரன் பேனையை வைத்துவிட்டு, "மூண்டு கொடியிலயும் ஒரே அளவுச் சட்டை. அது எனக்கு அண்டைக்கே விளங்கினது, தங்கச்சி. ஆனா உள்ளுக்க செருமினது ஆர்?" என்று கேட்டார்.

"கழுதை, சேர்."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு பெயர்களையும் வெட்டினார். நீங்கள் உண்மையாக வருகிற நாளில் உங்கள் பெயர் எங்கும் எழுதப்படாமல் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை குழாய்களை அடுத்த ஒழுங்கைக்கு ஏற்றிப் போனார்கள். கிறகரி அண்ணை இரண்டு வாளிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டார். போகும்போது உங்கள் படலையடியில் ரக்டரை நிறுத்தி, மணி அடித்துவிட்டுப் போனார்.