தெருவிடமிருந்து மீட்கப்பட்ட வண்டி

"எங்கம்மா வண்டியக் குடுங்க சார்."

அலுவலகத்தில் மறந்தும் இதைக் கேட்கக் கூடாது என்று தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள் அம்மா. மிண்டா அதைத்தான் சுற்றுலா அலுவலக இயக்குநர் பொன்சியானோவின் மேசை முன் நின்று, காலை வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டாள்.

உலகத்தில் எத்தனையோ நகரங்கள் தெருத்தீனியைத் தின்று தீர்த்திருக்கின்றன. அதைத் தெருவிடமிருந்தே காப்பாற்றிய பெருமை, மணிலாவுக்குத் தெற்கே கடலோரம் கிடக்கும் நம் நகரத்துக்கு மட்டுமே உரியது. 'பயணிகள் சுவைத்தே தீர வேண்டிய தெருவுணவுகள்' என்று சுற்றுலா அலுவலகம் விழா அறிவித்தது. வெளிநாட்டுக்காரர்கள் பேருந்து நிறைய வருகிறார்கள். அவர்கள் கண்ணில் தெரு பட்டுவிடலாமா? ஆகவே சந்தைத் தெருவின் தள்ளுவண்டிகளை முந்தின வாரமே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெருவுணவுக்கு ஒரே இடைஞ்சல் அதை விற்கிறவர்கள்தான் என்று கண்டுபிடிக்க எப்பேர்ப்பட்ட தொலைநோக்கு வேண்டும்!

அந்த அறிவிப்பை எழுதியதே மிண்டாதான். அவள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். அம்மா அடேலா கோழிக்குடலை அலசி, குச்சியில் வளைத்து வளைத்துக் குத்தி, கரியில் சுட்டு விற்றுப் படிக்கவைத்தாள். "குடல்காரி மகள்னு தெரிஞ்சா உக்காரக்கூடச் சொல்ல மாட்டாங்கடி" என்பாள். மிண்டாவுக்கு அந்த அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. விழா முடிந்தால் நீட்டிப்பு, இயக்குநர் மனசு வைத்தால்.

"உங்கம்மா வண்டியா?" பொன்சியானோ கண்ணாடியைக் கழற்றினார். "யாரும்மா உங்கம்மா? மொதல்ல அந்தப் பையக் கீழ வை."

"வேணாம் சார், கறையாயிடும். சந்தைத் தெருவுல குடல் சுட்டு விக்கிறவங்கதான் எங்கம்மா. லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. ஒரு வாரமா பொழப்பு இல்ல."

"'ஏத்திட்டுப் போனாங்க'ன்னு கொச்சையா பேசாத. 'மீட்டாங்க'ன்னு சொல்லு. அதுல ஒரு வண்டிய மண்டபத்து நடுவுல வச்சிருக்கோம். செவப்புக் கயிறு என்ன, வெளக்கு என்ன! அது உங்கம்மாவோடதா இருந்தா எவ்ளோ கௌரவம்!"

"அப்ப அம்மாவுக்கு அழைப்பு உண்டா?"

"அவங்க எதுக்கு? அதான் வண்டி வந்துருச்சே."

வெளியே வந்ததும் மூத்த எழுத்தர் டெஸ் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "உனக்கென்ன பேயா புடிச்சிருக்கு? நீட்டிப்பு வரட்டும்டி. வீரத்த அப்பறம் காட்டு."

"அப்பறம் காட்டுறதுக்கு மிச்சம் இருக்கணுமேக்கா."

அன்று மாலை விழா மண்டபம் ஏசிக் குளிரில் உறைந்திருந்தது. புகைக்கு அனுமதியில்லை என்பதால் கரி நீக்கப்பட்டிருந்தது. வாடைக்கு ஆட்சேபம் வந்ததால் குடலும் நீக்கப்பட்டு, நட்சத்திர ஓட்டல் சமையல்காரர் காளானைக் குடல் போலவே வளைத்துக் குத்தியிருந்தார். தட்டு, முள்கரண்டி, மடியில் துணி. பயணிகள் ஆளுக்கு ஒரு காளானை வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்தார்கள். சன்னலுக்குத் திரை போட்டிருந்தது.

நடுவில் நின்றது வண்டி. அடேலாவின் வண்டியேதான். அதன்மேல் அவளுடைய வினிகர் ஜாடி, பூண்டும் மிளகாயும் ஊறியபடி. ஊரே குச்சியை முக்கித் தின்னும் ஜாடி அது. கடிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு முக்கு. கடித்ததைத் திரும்ப முக்குகிறவன் மேயரானாலும் அடேலாவிடம் வசவு வாங்குவான். பக்கத்தில் அலுவலகத்தின் அட்டை: 'பாரம்பரியத் தள்ளுவண்டி. உரியவர் பெயர் அறியப்படவில்லை.'

பொன்சியானோ கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். "நம்ம ஜனங்க எப்படிச் சாப்பிடுறாங்கன்னு காட்டுறேன்!" கேமராக்கள் திரும்பின. காளான் குச்சியை ஜாடியில் முக்கினார். கடித்தார். காளானில் ருசி என்று ஒன்றும் இல்லை. கை தன்பாட்டில், கடித்த குச்சியோடு மறுபடி ஜாடிக்குப் போனது.

"டேய்! கடிச்சத முக்காத! ஒரு தடவதான்!"

கத்தியது மிண்டா. குரல் அப்படியே அடேலாவுடையது.

இயக்குநர் விருட்டென்று குச்சியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். கல்லூரிப் பையன் போலத் தலை குனிந்தது.

"மன்னிச்சுரு, அடேலாக்கா!"

மண்டபம் கைதட்டியது. நிகழ்ச்சியின் ஓர் அங்கம் என்று நினைத்தார்கள்.

மிண்டா அட்டையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "பேரு அறியப்பட்டுருச்சு போலிருக்கே சார்."

பொன்சியானோ சுதாரித்துக்கொண்டு காதருகே வந்தார். "பிரமாதம்மா! நாளைக்கும் இதே மாதிரி கத்து. நீட்டிப்ப இப்பவே முடிச்சுடுறேன்."

"படிக்கிற காலத்துல எங்கம்மாகிட்டதான் தின்னீங்க. இப்ப அவங்க பொழப்பத் தூக்கிட்டு வந்து, பேரு தெரியாதுன்னு எழுதி வச்சிருக்கீங்க. கடிச்சதையே மறுபடி முக்குறீங்க சார்."

அட்டையைப் பிய்த்துக் காளான் தட்டில் போட்டாள். கயிற்றை அவிழ்த்தாள். சக்கரம் கிறீச்சிட்டது.

"ஏய், எங்க கொண்டுபோற? அது நகரத்தோட பாரம்பரியம்!"

"தெருவுக்கு."

பயணிகளில் சிலர் மடித்துணியோடு எழுந்து பின்னால் வந்தார்கள். மிண்டா திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த அலுவலகப் பையை வண்டிமேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தள்ளினாள். பைக்குள், காலையில் வேலைக்கு வரும் வழியிலேயே வாங்கிய அடுப்புக்கரி இருந்தது.