கல்துளையில் சிக்கிய தாய்மாமன்

யார் எதைச் சொன்னாலும் நம்பாதவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு. கடைக்காரர் "இன்னைக்கு வந்த தக்காளி" என்றால் முகர்ந்து பார்ப்பேன். டாக்டர் ஒன்றுமில்லை என்றால் இன்னொரு டாக்டரிடம் போவேன். இந்தக் குணத்தால் ஒருமுறை என் உடம்பில் ஒரு பாதி புதுக்கோட்டை மாவட்டத்திலும் மறுபாதி பெருங்கற்காலத்திலும் கிடக்க நேர்ந்தது.

என் தங்கை தேவி பொன்னமராவதியில் இருக்கிறாள். அவள் மகளுக்குக் காதுகுத்து. ஆலங்குடியிலிருந்து நானும் என் மனைவி சுகன்யாவும் சீர் சாமான்களோடு காரில் கிளம்பினோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். நான் இல்லாமல் ஒரு காரியம் நடக்காது என்ற நிலை என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான் வாய்த்தது. பத்தரை மணிக்குள் நல்ல நேரம்.

வழியில், சாலையை விட்டுச் சற்று உள்ளே, முள்காட்டில் ஒரு கல்வீடு தெரிந்தது. நாலு பக்கமும் பலகைக் கற்கள், மேலே ஒரு மூடுகல், கிழக்குப் பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை. மொத்த உயரமே இடுப்பளவுதான். ஊர்க்காரர்கள் குரங்குப்பட்டறை என்பார்கள், குரங்குகள் கட்டியதாம். நான் பார்த்த ஒரு வீடியோவில் வேற்றுக்கிரகத்து ஆட்கள் கட்டியது என்றார்கள். பக்கத்திலிருந்த அறிவிப்புப் பலகையோ, இறந்தவர்களின் எலும்புகளை வைக்கக் கட்டிய ஈமச்சின்னம் என்றது. மூன்றையும் நான் நம்பவில்லை.

"செத்தவனுக்கு எதுக்கு வாசல்?" என்று சுகன்யாவிடம் கேட்டேன்.

"நேரமாச்சு, வண்டிய எடுங்க."

"உள்ள ஆள் போக முடிஞ்சா இது வீடு. அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சுரும்."

"ஒங்க தொப்பைக்கு அது வாசல் இல்லைங்க" என்றாள். நான் அதையும் நம்பவில்லை.

வலது கை போனது. தலை போனது. தோளைச் சாய்த்து நுழைத்ததும் அதுவும் போனது. அதோடு ஆராய்ச்சி நின்றுவிட்டது. புதுப் பட்டுச்சட்டை வயிற்றருகே சுருண்டு இறுகிக்கொண்டது. முன்னாலும் நகரவில்லை, பின்னாலும் நகரவில்லை. கண் இருட்டுக்குப் பழகியபோது எதிரே ஒரு சிப்ஸ் பாக்கெட், ஒரு பிளாஸ்டிக் தம்ளர், என்னையே பார்க்கும் ஒரு பல்லி (அதுவும் என்னைச் சந்தேகப்பட்டது).

சுகன்யா காலைப் பிடித்து இழுத்தாள். என் வேட்டிதான் வந்தது. திட்டிக்கொண்டே அதைத் திரும்பக் கட்டிவிட்டாள்.

அப்போது வெளியே ஆடு மேய்க்கும் அம்மா ஒருவரின் குரல் கேட்டது. "யாருங்க அது, கல்லுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு?" அடுத்து, ஊருக்குப் போன் போடும் குரல்: "புதையல் எடுக்க வந்துருக்காக. சீக்கிரம் வாங்க."

பத்து நிமிடத்தில் பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சுகன்யா என்னை விட்டுவிட்டுக் காதுகுத்துக்குப் போகிறாளோ என்று எனக்குச் சந்தேகம் (போயிருந்தாலும் நியாயம்தான்). இல்லை, அவர்கள் சோதனை போட்டார்கள்.

"எலுமிச்சம்பழம், மஞ்ச, குங்குமம், தேங்கா. பூசைச் சாமான் பூராம் இருக்கு" என்றார் ஒருவர்.

"காவு குடுக்கச் சேவலும் இருக்குண்ணே" என்றார் இன்னொருவர்.

"ஐயோ, அது கறிக்குங்க" என்றாள் சுகன்யா. "நாங்க காதுகுத்துக்குப் போறோம். இதெல்லாம் தாய்மாமன் சீர்."

"தாய்மாமன் யாரு?"

"அந்தா, பாதி வெளியில கெடக்காரே, அவருதான்."

பைக்கில் வந்தவர்களில் மூத்தவர், "நல்ல கதையா இருக்கே. அந்தத் தங்கச்சிக்குப் போனப் போடுங்க" என்றார்.

வீடியோ அழைப்பில் தேவிக்கு என் கால்களைக் காட்டினார்கள். அவள் உற்றுப் பார்த்திருக்க வேண்டும்.

"எங்கண்ணன் காலுதான். அந்தக் கட்டவெரல் நகம் கறுத்துருக்கும் பாருங்க" என்றாள். பிறகு குரல் உடைந்துவிட்டது. "ஆசாரி வந்து உக்காந்துட்டாரு. நேரம் போகுதுங்க. கல்லோடயாவது தூக்கியாந்து விட்டுருங்க."

அதைக் கேட்டதும் எனக்கும் கண் கலங்கியது. துடைக்க இடமில்லை.

ஆடு மேய்க்கும் அம்மாதான் வழி சொன்னார். "சீர்ல நல்லெண்ணெ இருக்குல்ல? ஊத்துங்க. கன்னுக்குட்டிய இழுக்குற மாதிரி பையப் பைய இழுக்கணும்." துளையைச் சுற்றி எண்ணெய் ஊற்றினார்கள். மூச்சை விடச் சொன்னார்கள். சட்டை கிழிந்தது, வயிறு சிராய்த்தது, நான் முழுசாக வெளியே வந்து விழுந்தேன்.

மூத்தவருக்கு இன்னும் நம்பிக்கையில்லை. "அந்தக் கைய விரிங்க" என்றார். பயத்தில் எதையோ இறுகப் பிடித்திருந்தேன். விரித்தேன். சிப்ஸ் பாக்கெட்.

"செத்தவுகளுக்குப் படையல் போட விட்ட ஓட்டைங்க அது" என்றார் அந்த அம்மா. "உசுரோட உள்ள நொழையுறதுக்கு இல்ல."

பத்து இருபத்தைந்துக்கு மண்டபத்துக்குள் நுழைந்தேன். சட்டை இல்லை. உடம்பெல்லாம் எண்ணெய், அதன்மேல் செம்மண், தலையில் ஒட்டடை. நாதஸ்வரம் தானாக நின்றது. கழுவ நேரமில்லை, அப்படியே மணையில் உட்காரவைத்துக் குழந்தையை மடியில் கொடுத்தார்கள். அது வாயைத் திறந்தபடி என் முகத்தையே பார்த்தது. ஆசாரி ஒரு காதைக் குத்தினார். அசையவில்லை. மறு காதையும் குத்தினார். கண் சிமிட்டவில்லை. "இத்தன வருசத்துல அழாத புள்ளைய இப்பத்தான் பாக்குறேன்" என்றார் ஆசாரி.

அன்று எடுத்த படம் எங்கள் குடும்பத்தில் எல்லார் கைபேசியிலும் இருக்கிறது. போன வாரம்கூட ஆவூரில் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, குழந்தைக்குத் தடுப்பூசி போடும்போது அதைத்தான் முகத்துக்கு நேரே காட்டினாளாம். ஊசி இறங்கியதே தெரியவில்லையாம். நர்சம்மா தனக்கும் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாராம்.