பத்துக்கு ஐந்தரை

அன்புள்ள மைத்துனருக்கு, ('அன்புள்ள' என்பது உன் அக்காவின் வற்புறுத்தல்.)

நலம். அதாவது, எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் நான் நலம் என்கின்றன; தோள், இடுப்பு, முழங்கால், தாடை ஆகியவை மறுக்கின்றன. நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. கல்லுக்கு வலிக்குமா?

போன மாதம் எல்லோர் முன்னாலும், "அத்தானுக்கு வலியுமில்ல ஒண்ணுமில்ல, மாடியேறச் சோம்பல்" என்று சிரித்தாயே, அதை நான் மறக்கவில்லை. அந்தச் சோம்பலுக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர். எந்தக் கருவியிலும் தெரியாது; நோயாளி சொல்வதுதான் அளவு. கல்லூரியில் என் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற வேண்டுமானால் டாக்டர் எழுதித் தர வேண்டும். போனேன். "வலிக்குப் பத்துக்கு எத்தனை குடுப்பீங்க?" என்றார். ஆயுளெல்லாம் விடைத்தாள் திருத்தியவனிடம் கேட்கிற கேள்வியா இது? மனசு தானாகவே கறாராகிவிட்டது. தோளில் எரிச்சல் உண்டு, ஆனால் ஒரே சீராக இல்லை. முழங்கால் நன்றாகத் தொடங்கி நடுவில் தடுமாறுகிறது. இடுப்பு சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. என் கையால் ஏழு வாங்கிய மாணவன் இன்னும் பிறக்கவில்லை. "ஐந்தரை" என்றேன். "தூக்கம்?" "நாலு. முயற்சி போதாது." "மறதி?" "எதைக் கேட்டீங்க?" டாக்டர் மகிழ்ந்துபோய், "நான் பயந்த அளவுக்கு இல்ல சார், தாராளமா மாடி ஏறுங்க" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் குலுக்கலில் வந்த வலிக்கு எட்டுகூடக் கொடுத்திருப்பேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் உன் அக்கா பிடித்துக்கொண்டாள். "போர்வை பட்டாலே கத்துறீங்க, அதுக்கு அஞ்சரையா? கூடப் போட்டா உங்க சொத்தா கரைஞ்சிடும்?"

"தகுதிக்கு மேல குடுத்துப் பழக்கமில்ல."

"அப்ப ஏறுங்க மூணாவது மாடிக்கு!"

ஏறுகிறேன். முதல் மாடியில் உட்கார்ந்து, இரண்டாவதில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, மூன்றாவதில் என்ன பாடம் என்று மாணவர்களையே கேட்டுக்கொண்டு. திரும்பப் போய் டாக்டரிடம் கூட்டிப் போடச் சொல்லலாம்தான். மறுமதிப்பீடு கேட்டு வந்த எவனுக்கும் நான் அரை மதிப்பெண் கூட்டியதில்லை. எந்த முகத்தோடு கேட்பது? உன் உதவியும் வேண்டாம். பார்க்க வருகிறேன் பேர்வழி என்று வந்து நிற்கவும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உன் மனைவிக்கு விசாரிப்புகள். உனக்கு எதுவுமில்லை.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய பாவி

பி.கு.: தம்பி, இது அக்கா. மேலே இருக்கிறது பூரா அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினதுதான். பேனா பிடிக்க அவருக்கு விரல் மடங்கலை. திங்கட்கிழமை காரை எடுத்துக்கிட்டு வந்துடு, டாக்டர்கிட்ட போகணும். இந்தத் தடவை மார்க் போடப்போறது நான். "தம்பி வருவான்"னு அவர்கிட்ட சொன்னேன். "வேண்டாம்"னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "முன்சீட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளிவைக்கச் சொல்லு"ங்கிறாரு.